சிவப்பு பல்பில் எழுதிய பெயர்

டாம்பா, ஃப்ளோரிடா
4 மார்ச் 1983

லென்,

என் உடம்பு நடமாடுகிற அளவுக்கு இருக்கிறது. இங்கே இன்னும் கொசு ஆரம்பிக்கவில்லை. உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவள் கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதவில்லை. நீயாவது எழுது.

நீ அனுப்பிய புகைப்படம் வந்தது. பின்பக்கத்தில் “பெரியம்மாவுக்கு ஓர் ஆச்சரியம்” என்று எழுதியிருந்தாய். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கெல்லர்ட்டனில், உன் தாத்தா நாற்பது வருடம் கண்ணாடி ஆலைக்கு நடந்துபோன அதே சர்ச் தெருவில், நீ புதிதாக வாங்கிய மதுக்கடையின் வாசலில், சிவப்பு பல்புகளால் ஆள் உயர எழுத்தில் “டெல்ஃபின் மே” என்று எரிகிறது. கீழே சின்ன எழுத்தில், “இந்த ஊரில் முதன்முதலில் எல்லாவற்றையும் அவிழ்த்தவள்.”

டெல்ஃபின் மே என் மேடைப்பெயர். இருபத்திரண்டு வருடம் ரயிலிலும் பஸ்ஸிலும் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு அலைந்த பெயர். அதை என்னைக் கேட்காமல் எடுத்து, உடை அவிழ்த்து ஆடும் பெண்கள் இருக்கிற கடைக்கு வைத்திருக்கிறாய். நான் பர்லெஸ்க் ஆடியவள். அவிழ்ப்பாட்டக்காரி அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. என் தங்கை மகன் அதில் ஒருவன் என்பது எனக்குத் தெரியாமல் இருந்தது.

நான் மேடையில் ஒருநாளும் நிர்வாணமாக நின்றதில்லை. நின்றேன் என்று 1950இல் உங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதியது. நீதிபதி முப்பது நாள் கொடுத்தார். நான் உள்ளே இருந்த பத்தொன்பதாவது நாள் உன் தாத்தா இறந்தார். அடக்கத்துக்கு விடவில்லை. அந்தப் பத்திரிகையை நம்பிக்கொண்டேதான் அவர் போனார். அந்தப் பொய்க்குத்தான் நீ பல்பு போட்டிருக்கிறாய்.

பலகையை இறக்கு. இறக்கிவிட்டு எழுது.

ஹெட்டி பெரியம்மா


கெல்லர்ட்டன், ஓஹையோ
19 மார்ச் 1983

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

லென் எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் ஈரக் காற்று அடித்தால் வலிக்கிறது, மற்றபடி பரவாயில்லை. நீங்கள் கோபத்தில் ரத்த அழுத்த மாத்திரையை மறந்துவிடாதீர்கள்.

நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று நினைத்துத்தான் செய்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பையன்கள் உங்களைப் பற்றிக் கிசுகிசுப்பார்கள். அப்போது வெட்கமாக இருந்தது. இப்போது எனக்கு நாற்பது வயது. இந்த ஊரில் ஒருத்திக்காவது துணிச்சல் இருந்ததே என்று பெருமையாக இருக்கிறது. அந்தப் பத்திரிகைத் துண்டைச் சட்டம் போட்டுக் கடைக்குள் மாட்டியிருக்கிறேன். இரண்டு போலீஸ்காரர்கள் கடவுள் பேரில் சத்தியம் செய்து சாட்சி சொல்லியிருக்கிறார்கள். “இடது விலாவுக்குக் கீழே பழுப்பு நிற மச்சம் ஒன்றைக்கூடத் தெளிவாகக் கண்டேன்” என்று ஒருவர் சொன்னதாக அச்சாகியிருக்கிறது. கடைக்கு வருபவர்கள் முதலில் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள்.

இதற்குமேலும் நீங்கள் அப்படி நிற்கவில்லை என்று சொன்னால் நான் யாரை நம்புவது?

பலகை மாட்டியதிலிருந்து அம்மா சர்ச்சுக்குப் பின்தெரு வழியாகப் போகிறார். சுற்றுவழி, முழங்காலுக்கு ஆகாது என்று சொன்னேன். கேட்கவில்லை.

உங்கள் அன்பு மறவாத
லென்


டாம்பா
27 மார்ச் 1983

லென்,

மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். நீ வேறு மாத்திரைக்கு வேலை வைக்காதே. அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

நீ பர்லெஸ்க் பார்த்ததில்லை. நீ வளர்வதற்குள் அது போய்விட்டது. ஆகவே ஒருதடவை சொல்கிறேன், பொறுமையாகப் படி. நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். மற்றதெல்லாம் ரயில் பெட்டியில் உட்கார்ந்து நானே படித்துக்கொண்டது. எழுத்தில் குறை இருந்தாலும் விஷயத்தில் குறை இருக்காது.

பர்லெஸ்க் என்றால் கேலி. யாரையாவது கேலி செய்யாவிட்டால் அது பர்லெஸ்க் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு கோமாளிகள் வந்து நீதிபதியையும் டாக்டரையும் கேலி செய்துவிட்டுப் போவார்கள். அடுத்து என் பன்னிரண்டு நிமிடம். நான் கேலி செய்தது திருமதி தோர்ன்பரியை. உங்கள் ஊர்க் கண்ணாடி ஆலை முதலாளியின் மனைவி.

ஒரு பணக்காரச் சீமாட்டி இசைக் கச்சேரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். மேலே ரோமக் கோட்டு, முழங்கைவரை கையுறை, முதுகில் முப்பத்தாறு கொக்கி வைத்த கவுன். வேலைக்காரிக்கு மணி அடிக்கிறாள். யாரும் வரவில்லை. மறுபடி அடிக்கிறாள். வேலைக்காரி அன்று வேலையை விட்டுப் போய்விட்டாள். சீமாட்டிக்குப் பிறந்ததிலிருந்து ஒரு கொக்கியைத் தானாகக் கழற்றத் தெரியாது. அவ்வளவுதான் கதை. ஒரு கையுறைக்கே நாலு நிமிடம். அது எங்கே முடிகிறது, கை எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. பற்களால் இழுப்பாள், கதவிடுக்கில் வைத்து இழுப்பாள், அப்புறம் நாற்காலிக்கு உத்தரவு போடுவாள். அரங்கம் குலுங்கும். கடைசியில் கவுன் தோற்றுப்போய்க் கீழே விழும். விளக்கு ரோஜா நிறமாகும். ஐந்து விநாடி. இருட்டு.

அந்த ஐந்து விநாடிக்காக வந்தவர்கள் பதினொன்றேமுக்கால் நிமிடம் சீமாட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மற்ற ஊர்களில் அவள் யாரோ ஒரு பணக்காரி. கெல்லர்ட்டனில் நான் கழுத்தைப் பின்னால் சாய்த்து முதல் அடி வைத்ததுமே யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் போலீஸ் வந்தது. முதலாளியம்மாவைப் போல நடந்தாள் என்று வழக்குப் போட முடியாது. நிர்வாணம் என்று போட முடியும்.

இப்போது பலகையை இறக்கு.

ஹெட்டி பெரியம்மா


கெல்லர்ட்டன்
30 ஏப்ரல் 1983

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பதில் எழுதத் தாமதம், மன்னியுங்கள். கடைக்கூரை ஒழுகி, அதைப் பார்ப்பதிலேயே மாதம் போய்விட்டது. நாங்கள் நலமே. ஒத்தடம் கொடுத்தேன், அம்மா தூங்கிப்போனார்.

உங்கள் கடிதத்தை மத்தியானம் கடை காலியாக இருக்கும்போது ரொண்டாவுக்குப் படித்துக் காட்டினேன். ரொண்டாதான் எங்கள் கடையில் மூத்தவள், ஒன்பது வருடமாக ஆடுகிறாள். காலை ஐஸ்கட்டி வாளிக்குள் வைத்துக்கொண்டு கேட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“உங்க பெரியம்மாவுக்கு ஒரு கையுறைக்கே நாலு நிமிஷமா? குடுத்து வெச்சவங்க. எனக்கு மொத்தமே மூணு பாட்டு. முதல் பாட்டுல ஒண்ணும் கழண்டு விழலேன்னா அந்த ஆளு பீர் வாங்க எழுந்து போயிடுவான்.”

“நீயும் ஒரு கதை வெச்சுக்கயேன்,” என்றேன்.

“எவன் கேட்டான் கதை? இங்க வர்றவன் என்னைத்தான் பாக்கறான். நான் வேற யாரோவா நடிச்சா, காசைத் திருப்பிக் குடும்பான். அவங்க யாரையோ பாத்து ஊரைச் சிரிக்க வெச்சிருக்காங்க. நாங்க சிரிச்சிக்கிட்டே நிக்கணும், அவ்ளோதான். ரெண்டும் வேற வேலை லென். கௌரவமான வேலை, கேவலமான வேலைன்னெல்லாம் நான் சொல்ல வரல. வேற வேற.”

“அப்ப பலகையை இறக்கச் சொல்றியா?”

“நீயாச்சு, உன் பெரியம்மாவாச்சு. ஏணியைப் பிடிக்கச் சொன்னா பிடிக்கறேன்.”

நானும் யோசித்தேன். ஆனால் பத்திரிகை அச்சில் இருக்கிறது, கோர்ட்டுத் தீர்ப்பு இருக்கிறது. உங்கள் பக்கம் உங்கள் வார்த்தை மட்டும்தான். ஏதாவது ஓர் ஆதாரம் காட்டுங்கள். மறுநாளே நானே ஏணியில் ஏறி இறக்குகிறேன். இது சத்தியம்.

பணிவுடன்
லென்


டாம்பா
8 மே 1983

லென்,

கூரை ஒழுகினால் தார் பூசு, வாளி வைக்காதே. எனக்கு இங்கே முதுகு மட்டும் பிடிக்கிறது.

என் கடிதத்தை மதுக்கடையில் படித்துக் காட்ட உனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? இருந்தாலும் அந்தப் பெண் ரொண்டா சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நீ சொல்வதைவிட அவளுக்கு விஷயம் தெரிகிறது. அவள் தன்னைப் பார்க்கிறவனைப் பார்த்து ஆடுகிறாள். நான் அங்கே இல்லாத வேலைக்காரியைப் பார்த்து ஆடினேன். அவள் உழைப்பு எனக்குக் கீழானது என்று நான் எழுதவே இல்லை. மூட்டு தேய்வது இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஆனால் அவள் வேலைக்கு என் பெயரை வைக்காதே. அவளுக்குப் பெயர் இல்லையா?

ஆதாரம் தரமாட்டேன். நீதிபதி கேட்டபோதே தராதவள் உனக்கா தரப்போகிறேன்? பர்லெஸ்க்கில் ஒரு வழக்கம் இருந்தது. கடைசித் துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைக் கட்டின புருஷனிடமும் சொல்லக்கூடாது. அந்தப் போலீஸ்காரர் பார்த்தேன் என்று சத்தியம் செய்தார். அவர் பார்த்தார்தான். அவரைப் பொய்யர் என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை. அவர் பார்க்கவேண்டும் என்று நான் நினைத்ததைத்தான் அவர் பார்த்தார்.

ஜூலைக்குள் பலகை இறங்காவிட்டால் பஸ் ஏறி வருவேன். எனக்கு எழுபத்தொன்று ஆகிறது. அந்தப் பலகைக்குக் கீழே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் எல்லோரிடமும் நான்தான் டெல்ஃபின் மே, உள்ளே இருப்பது நான் இல்லை என்று சொல்வேன். வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்.

ஹெட்டி பெரியம்மா


கெல்லர்ட்டன்
20 ஜூன் 1983

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். முதுகுக்கு வேண்டிய தைலம் தனிப் பொட்டலத்தில் அனுப்பியிருக்கிறேன்.

உங்களுக்கு நான் ஒன்று சொல்லவேண்டும். போன ஞாயிறு அம்மா பீட்ரூட் சூப் கிண்டிக்கொண்டிருந்தார். நான் சும்மா கேட்டேன்.

“ஏம்மா, பெரியம்மாவுக்கு விலாவுல மச்சம் இருக்கா?”

“எந்தப் பக்கம்?”

“இடது பக்கம். போலீஸ்காரர் பாத்தேன்னு சொன்னாரே, அது.”

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். “அது மச்சம் இல்லடா. முடிச்சு.”

“என்ன முடிச்சு?”

“பழுப்பு நூல் முடிச்சு. நாந்தான் போட்டேன். உடம்பு நிறத்துல வலைத்துணி எடுத்து, கழுத்துலேர்ந்து முழங்கால் வரைக்கும் அவ அளவுக்குத் தெச்சேன். போட்டுப் பாத்தா பொம்மை மாதிரி ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. மனுஷ உடம்புன்னா எங்கயாவது ஒரு குறை வேணும்ல? அதான் ஒரு மச்சம் வெச்சேன்.”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அப்பா போனதற்கப்புறம் அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். “அந்தாளு கோர்ட்ல அந்த மச்சத்தைச் சொன்னப்ப எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துச்சு. உங்க பெரியம்மா திரும்பி ஒரு பார்வை பாத்தா பாரு. அப்படியே அடங்கிடுச்சு.”

பிறகு தையல் அறைக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். அந்த வலைக்குள் என் கையை விட்டேன். ஓரடி தள்ளிப் பார்த்தால் வெறும் கைதான் தெரிகிறது. அப்படியானால் நீங்கள் கழுத்திலிருந்து முழங்கால்வரை மூடிக்கொண்டு நின்றீர்கள். மூடிக்கொண்டு நின்றதற்கா முப்பது நாள் உள்ளே இருந்தீர்கள்?

பெரியம்மா, பல்புகளை அணைத்துவிட்டேன். பலகை இன்னும் இருக்கிறது. எனக்கு ஒரு யோசனை. இந்த வலையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பக்கத்தில் பத்திரிகைத் துண்டையும் வைத்து, மச்சத்தின் மேல் ஒரு விளக்கு போடுகிறேன். ஒரே நாளில் உங்கள் பெயர் சுத்தமாகிவிடும். ஊரே வந்து பார்க்கும். அம்மாவிடம் கேட்டேன். “என்கிட்ட கேக்காத, அவகிட்ட கேளு,” என்று சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டார்.

உங்கள் ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கும்
லென்


டாம்பா
28 ஜூன் 1983

பெர்னிஸ்,

கிறிஸ்துமஸ் அட்டையைத் தவிர உனக்கு நான் எழுதி எத்தனை வருடம் என்று எண்ணிப்பார்க்கவில்லை. உன் முழங்கால் தேறிவருகிறது என்று நம்புகிறேன்.

உன் மகனுக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. நீ சொல்லிவிடு. கண்ணாடிப் பெட்டியும் கிடையாது, விளக்கும் கிடையாது. அவன் என்ன பார்த்தானோ, அதை அவன் பார்க்கவில்லை. உன் தையல் அறையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

கோர்ட்டு வராந்தாவில் உன்னிடம் சத்தியம் வாங்கினேன். முப்பத்துமூன்று வருடம் காப்பாற்றினாய். சூப் கிண்டும்போது விட்டுவிட்டாய்.

என் பெயர் சுத்தமாகட்டும் என்று லென் ஆசைப்படுகிறான். எனக்கு அது ஒரே ஒரு ஆளிடம் சுத்தமாக வேண்டியிருந்தது. அவர் சர்ச்சுக்குப் பின்னால் புதைந்து கிடக்கிறார். இனி ஊரைக் கூட்டிக் காட்டி யாருக்கு என்ன?

உடம்பைக் கவனி.

ஹெட்டி


கெல்லர்ட்டன்
2 ஆகஸ்ட் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். எனக்குப் படி ஏறும்போது மட்டும் கஷ்டம். இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதுகிறேன்.

சூப் கிண்டும்போது சொன்னது முதல்தடவை அல்ல அக்கா.

அன்று கோர்ட்டில் அந்த வலை என் கைப்பைக்குள் இருந்தது. எழுந்து நீதிபதியின் மேஜையில் விரித்தால் போதும், அன்று சாயந்திரமே நீ வீட்டில். வராந்தாவில் நீ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். “பதினோரு பேர் இதே மாதிரி போட்டுக்கிட்டு ஆடறாங்க பெர்னிஸ். இன்னிக்கு இது பேப்பர்ல வந்துச்சுன்னா, நாளைக்கு எல்லா ஊர்லயும் வலையைக் கழட்டுன்னு கத்துவாங்க. வயித்துப் பொழப்புக்காக அவங்க நிஜமாவே கழட்ட வேண்டி வரும். பையை மூடு.” மூடினேன்.

நீ உள்ளே போனபிறகு அப்பா என் வீட்டில் படுத்திருந்தார். நெஞ்சில் சளி. பத்திரிகையை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். யாரோடும் பேச்சில்லை. பதினாறாவது நாள் மத்தியானம் கூப்பிட்டார்.

“அவ துணியில்லாம நின்னப்ப நீ எங்க நின்ன?”

“பக்கத்துலதாம்பா. திரைக்குப் பின்னாடி. அவ தூக்கிப் போடறதைப் பிடிக்கறதுதானே என் வேலை.”

“பிடிச்சுக்கிட்டு நின்னியா? சொந்த அக்கா.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. போய் வலையை எடுத்துவந்து அவர் போர்வைமேல் வைத்தேன். அப்பாவின் கண் உனக்குத் தெரியும். விளக்கின் கண்ணாடிச் சிம்னியில் முடியளவு கீறல் இருந்தாலும் பிடிக்கிற கண். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தையல் எங்க இருக்கு?”

“உள்பக்கமாப்பா.”

“அப்புறம் எதுக்கு அவ உள்ள கெடக்கா?”

பதினோரு பேரைப் பற்றிச் சொன்னேன். வலையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “அந்தத் தோர்ன்பரி அம்மா மாதிரி நடக்கறாளாமே. ஆலையில பசங்க பேசிக்கிட்டாங்க. எப்படி நடக்கறா?” என்றார்.

“எனக்கு ஆட வராதுப்பா.”

“ஆடச் சொல்லல. நட.”

நான் நடந்தேன் அக்கா. அவருடைய குளிர்காலக் கோட்டை ரோமக் கோட்டாகப் போட்டுக்கொண்டேன். அவருடைய நீளக் கம்பளிக் காலுறைகளைக் கையில் மாட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன் உன்னோடு ஊர் ஊராக வந்து, திரைக்குப் பின்னால் நின்று நூற்றுக்கணக்கான தடவை பார்த்தவள். ஒவ்வொரு நிமிடமும் மனப்பாடம். மருந்துக்கரண்டியால் டம்ளரில் மணி அடித்தேன். பற்களால் இழுத்தேன். நாற்காலிக்கு உத்தரவு போட்டேன். கோட்டோடு நிறுத்திக்கொண்டேன், அதற்கு மேல் ஒன்றும் அவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அப்பா சிரித்தார். இருமல் வந்து நான் முதுகைத் தடவிக்கொடுக்கும் அளவுக்குச் சிரித்தார். மூச்சு வந்ததும், “மறுபடி நட,” என்றார்.

மூன்றாம் நாள் போனார். தலையணைக்கு அடியில் பத்திரிகை இல்லை. அடுப்பில் போடச் சொல்லிவிட்டார்.

நீ வெளியே வந்த அன்றே பஸ் ஏறினாய். ஏறும்போது “யார்கிட்டயும் சொல்லலையே?” என்று மட்டும்தான் கேட்டாய். இல்லை என்றேன். சத்தியத்தை மீறினேன் என்று தெரிந்தால் என் முகத்தில் விழிக்கமாட்டாய் என்று பயந்தேன். எப்படியும் நீ விழிக்கவில்லை.

உன் தங்கை
பெர்னிஸ்


டாம்பா
30 செப்டம்பர் 1983

பெர்னிஸ்,

இங்கே புயல் மழை ஓய்ந்தது. சக்கரம் வைத்த என் வண்டிவீட்டுக்குச் சேதம் இல்லை. நீ படியேறுவதைக் குறைத்துக்கொள்.

நீ அப்பாவிடம் சொன்னது தப்பு. இந்த வரியை நாலுதடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது தடவையும் அதையேதான் எழுதுகிறேன். பதினோரு பேரின் சாப்பாடு அது. அந்த ரகசியத்தை உன்னிடம் ஒப்படைக்க எனக்கு உரிமை இல்லாதபோதும் ஒப்படைத்தேன். அப்பாவாக இருந்தாலும் தப்பு தப்புதான். அவர் இருமலோடு யாரிடமாவது சொல்லியிருந்தால்?

சொல்லவில்லை என்று எனக்குத் தெரிகிறது. ஆனாலும்.

இரண்டு மாதமாக உன் கடிதத்தை மேஜைமேல் வைத்திருக்கிறேன். தினமும் சாப்பிடும்போது அதை நகர்த்தித்தான் தட்டு வைக்கவேண்டியிருக்கிறது.

நீ ஒன்றை எழுதவில்லை. சிரித்தார் என்று மட்டும் எழுதியிருக்கிறாய். மேடையில் இருந்தவளுக்கு அது போதாது. எந்த இடத்தில் சிரித்தார்? நடையிலா, மணியிலா, கையுறையிலா? முதல்தடவை சிரித்த இடத்தில்தான் இரண்டாம் தடவையும் சிரித்தாரா? ஞாபகப்படுத்தி எழுது. தெரியாவிட்டால் தெரியாது என்று எழுது. எனக்காக இட்டுக்கட்டி எழுதாதே.

ஹெட்டி


கெல்லர்ட்டன்
9 அக்டோபர் 1983

அன்புள்ள அக்காவுக்கு,

புயலில் நீ தப்பியதற்கு மெழுகுவத்தி ஏற்றினேன். நாங்கள் நலம்.

முதலில் லென் விஷயம். பலகை போன வாரம் இறங்கியது. ரொண்டா ஏணியைப் பிடித்தாள். “வெறும் சுவத்துல ‘கடை’ன்னு எழுது, போதும். உள்ள பீர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்,” என்று அவனிடம் சொன்னாளாம். பத்திரிகைத் துண்டையும் எடுத்துவிட்டான். பெட்டியைப் பற்றி அவன் இனிக் கேட்கமாட்டான். அது என் அறையில் மூடியே இருக்கிறது. நான் இப்போது நேர்த்தெரு வழியாகவே சர்ச்சுக்குப் போகிறேன்.

நீ கேட்டதற்கு நான் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. இன்றுபோல் இருக்கிறது.

நடைக்கு அவர் சிரிக்கவில்லை. “அதேதான்,” என்று தலையை மட்டும் ஆட்டினார். மணிக்கும் சிரிக்கவில்லை. கையுறைக்குக் கொஞ்சம் வாய் கோணியது. அவர் சிரித்தது தண்ணீர்க் கோப்பைக்கு. சீமாட்டி ஒரு வாய் குடித்துவிட்டு, தட்டேந்தி நிற்க ஆள் இருக்கிறாள் என்ற நினைப்பில் கோப்பையை அந்தரத்தில் விடுவாளே, அது விழுந்து உடையும், அவள் குனிந்துகூடப் பார்க்காமல் பாவாடை நுனியைத் தூக்கித் தாண்டிவிட்டு, கீழே வாத்தியக் குழுவில் இருக்கிற டிரம்காரரை நோக்கி விரலை நீட்டுவாளே, நீதான் உடைத்தாய் என்பதுபோல. அங்கே டிரம்காரர் யாரும் இல்லை. அறையில் இருந்தது அப்பா ஒருவர்தான். ஆகவே அவரைப் பார்த்து நீட்டினேன்.

அந்த இடத்தில்தான் அக்கா. இரண்டாம் தடவை நடக்கும்போது நான் கோப்பையை எடுப்பதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார். நான் விரலை நீட்டியதும் கட்டிலிலிருந்து இரண்டு கையையும் தூக்கி, “நான் இல்லம்மா, நான் இல்ல,” என்றார். அந்த அம்மா ஆலைக்குள் வந்தால் தன் கைபட்டு உடைந்ததற்கும் பக்கத்தில் நிற்கிறவனைத்தான் காட்டுவாளாம். அப்பாவையும் ஒருதடவை காட்டியிருக்கிறாள். அதை எனக்கு அன்றுதான் சொன்னார்.

உன் தங்கை
பெர்னிஸ்


டாம்பா
15 அக்டோபர் 1983

அன்புள்ள பெர்னிஸ்,

நான் நன்றாக இருக்கிறேன். நீயும் இரு.

எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது அப்பாவுக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போயிருந்தேன். அந்தத் தோர்ன்பரி அம்மா விரல் நீட்டி அவரைக் காட்டியதை வாசலில் நின்று பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

அந்தக் கோப்பை இடத்தில் எந்த ஊரிலும் ஒருத்தரும் சிரித்தது கிடையாது. நம் ஊரில்கூட. ஆலை ஆட்கள் நிறைய வந்திருந்தார்கள், ஆனால் முன்வரிசையில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் மடியிலிருந்த தங்கள் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்ற ஊர்களில் அவர்களுக்கு அது புரியவே இல்லை, அடுத்தது எப்போது கழலும் என்று காத்திருந்தார்கள். எங்கள் கம்பெனி முதலாளி அந்தக் கட்டத்தை எடுத்துவிடச் சொன்னார். தன்னைக் காட்டுவது பிடிக்காமல் டிரம்காரரும் எடுத்துவிடச் சொன்னார். ஒரு நாளைக்கு மூன்று காட்சி, தினமும் மூன்று கோப்பை வீண் என்றார்கள். எடுக்கவில்லை. கடைசிக் காட்சிவரை வைத்திருந்தேன்.

அத்தனை வருடத்தில் எத்தனையோ டிரம்காரர்களை நோக்கி விரல் நீட்டியிருக்கிறேன். சரியான ஆளை நோக்கி நீட்டியது நீதான்.

ஹெட்டி